தட்டுகளுக்கு ஒரு பை

கறுப்பு வேண்டாம் என்பதில் என் மனைவி உறுதியாக இருந்தாள். கறுப்பு வேண்டாம், கருநீலம் வேண்டாம், இராணுவக்காரரின் பச்சையும் வேண்டாம். பெரிதாக இருக்கக் கூடாது, ஸிப்புகள் அதிகம் இருக்கக் கூடாது, முதுகில் போட்டுக்கொண்டு நடக்கவே கூடாது. "அப்ப ரோஸ் கலர்ல எடுக்கவா?" என்று கேட்டேன். எரிச்சலில் கேட்டதுதான். அவளோ கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடுங்களே, என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள்.

நாற்பதைத் தொட்ட, தாடி வைத்த ஓர் ஆண்பிள்ளை தில்லையடியிலிருந்து ரோஸ் நிறப் பையோடு பஸ் ஏறினால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும் என்பதுதான் அவளுடைய கணக்கு. சிரிக்கிறவன் பயப்பட மாட்டான், பயப்படாதவன் நம்மை ஒன்றும் செய்ய மாட்டான். அவள் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

பை எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கற்பிட்டிப் பக்கம் கடற்கரையோரம் ஒரு ஹோட்டலில் களஞ்சியத்தைப் பார்க்கிறவன் நான். சீனி, மா, சவர்க்காரம், கட்டில் விரிப்பு எல்லாம் என் சாவிக்குள் இருக்கும். காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் வெள்ளைக்காரர் நிறைந்துவிடுவார்கள். பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் ஏறிக் கடல்மேல் ஓடுகிற ஆட்கள் அவர்கள். காற்று விழுந்ததும் போய்விடுவார்கள். ஒரு வருடம் காற்று விழுந்த பிறகும் ஒருவர் மட்டும் தங்கினார். ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த தென்னங்காணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே டிஸ்க் கோல்ப் விளையாடலாம் என்றார். கோல்ப் மாதிரிதான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையால் எறிகிற பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதிலாகக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்குகிற ஒரு கூடை. யார் குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் போடுகிறாரோ அவருக்கு வெற்றி. ஹோட்டலின் மின்வேலைக்காரன் பழைய சைக்கிள் ரிம்மையும் சங்கிலியையும் ஒட்டி அந்தக் கூடைகளைச் செய்து நட்டான். வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது தட்டுகளை எங்களுக்கே விட்டுப் போனார்.

அந்த மின்வேலைக்காரன்தான் என் நண்பன். சிலாபத்துக்குத் தெற்கே, கடலோரத் தென்னந்தோட்டங்களுக்கு நடுவே அவன் ஊர். கத்தோலிக்கன். வீட்டில் சிங்களம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். வேலை தொடங்குவதற்கு முன்னால், காற்று எழும்பாத காலையில் நாங்கள் இரண்டு பேரும் எறிவோம். காற்று எழும்பிவிட்டால் தட்டு நம் பேச்சைக் கேட்காது. தென்னைகளுக்கு நடுவே தட்டு வளைந்து போய்ச் சங்கிலியில் விழும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே நான் விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. வேறு விளக்கம் இல்லை. வீடு, பள்ளிவாசல், களஞ்சியம் என்று ஓடிக்கொண்டிருந்த ஒருவனுக்கு, யாருக்கும் பிரயோசனம் இல்லாத ஒரு காரியம் கிடைத்திருந்தது.

தட்டுகள் எல்லாம் ஒன்றில்லை. விளிம்பு மெலிந்தது தூரம் போகும். விளிம்பு தடித்தது கூடைக்குக் கிட்ட நின்று போடுவதற்கு. இடையில் இருப்பவை இடது பக்கம் வளைவதற்கு ஒன்று, நேரே போவதற்கு ஒன்று என்று பெருகிக்கொண்டே போகும். ஒன்றை எடுத்து எறிந்துவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டும். ஆகவே பைக்குள் அவை சாய்ந்து விழாமல், அலுமாரியில் பீங்கான் பிளேட்டுகள் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்க வேண்டும். வாய் அகலமாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலுக்கும் துவாய்க்கும் இடம் வேண்டும். இதற்கென்றே செய்த முதுகுப் பை வெளிநாட்டில் விற்கிறது என்று நண்பன் கைபேசியில் காட்டினான். பெரிதாக, சதுரமாக, விறைப்பாக, மார்புக்குக் குறுக்கே பூட்டுகிற வார்களோடு, கறுப்பு நிறத்தில் இருந்தது. பார்த்ததும் கைபேசியை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

அந்த உயிர்த்த ஞாயிறு அன்று முதுகுப் பைக்குள் குண்டோடு தேவாலயங்களுக்குள் நடந்து போனவர்கள் எங்கள் பெயர்களைப் போன்ற பெயர்களை வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பை வெறும் பையாக இருக்கவில்லை. பிள்ளைகள் பாடசாலைக்கு உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பிளாஸ்டிக் பைகளோடு போனார்கள். சிலாபத்தில் எங்கள் ஆட்களுடைய கடைகளுக்குக் கல் விழுந்தது. ஒவ்வொரு தடைச்சாவடியிலும் இறங்கி, திறந்து, காட்டி, மூடி, ஏறினோம். கொஞ்ச நாளில் எங்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பையைத் திறந்துவிடுவது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்து ஸிப்பை இழுத்துத் திறந்து, பக்கத்தில் இருப்பவருக்குச் சோற்றுப் பார்சலும் குடையும் தெரிகிற மாதிரிக் கொஞ்சம் சாய்த்து வைப்போம். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். இப்போது தடைச்சாவடிகள் இல்லை, கண்ணாடிப் பைகள் இல்லை, சனம் வேறு கஷ்டங்களைக் கண்டுவிட்டது. ஆனாலும் என் கை தானாக ஸிப்புக்குப் போகிறது.

என் மனைவிக்கு நடந்தது இன்னும் மோசம். அந்த மாதங்களில் ஒரு நாள் அவள் அபாயா போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்தபடி பஸ்ஸில் இருந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த பெண் அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய், நெரிசலுக்குள் நின்றபடியே பயணம் செய்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன் என்று மனைவி சொல்வாள். அந்தப் பெண் திட்டவில்லை, பயந்தார். அதை என்ன செய்வது? அன்றிலிருந்து இவள் பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காருவதில்லை. மாமி வீட்டுக்குப் போவதென்றாலும் முச்சக்கரவண்டி பிடிக்கச் சொல்வாள்.

இப்படிப்பட்டவளிடம் போய், விளையாடுவதற்கு முதுகுப் பை வாங்கப் போகிறேன் என்று சொன்னவன் நான்.

முதலில் ஷொப்பிங் பேக்கில் கொண்டு போனேன். தட்டுகளின் கனத்துக்கு அது கிழிந்தது. பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அலுமாரிக்கு மேலே மகளின் பழைய கண்ணாடிப் பை கிடந்தது. எல்லாம் வெளியே தெரியும், எவருக்கும் சந்தேகம் வராது, மனைவிக்கும் சம்மதம். தட்டுகளை அடுக்கி முதுகில் மாட்டியதும் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பின்னால் மின்னியது. நண்பன் கண்டுவிட்டு, "என்ன மச்சான், மீன் தொட்டியத் தூக்கிட்டு வந்திருக்கிறாய்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும் என்று நானும் சிரித்தேன். மத்தியானம்வரை பை களஞ்சிய வாசலில் வெயிலில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால், உள்ளே ஆவி படிந்து பை முழுவதும் பால் நிறத்தில் மங்கிப் போயிருந்தது. எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று எடுத்த பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. திறந்தால், கூடைக்குப் போடுகிற நல்ல தட்டுகள் இரண்டும் வெந்து, அப்பளம் மாதிரி நெளிந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

அன்று எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? தட்டுகளுக்காக மட்டும் வந்த கோபம் இல்லை அது. உலகத்தில் இந்த விளையாட்டை விளையாடுகிற எவனுக்காவது, வெயிலுக்கு எது நல்லது, தோளுக்கு எது நல்லது என்று பார்க்காமல், யார் பயப்பட மாட்டார்கள் என்று பார்த்துப் பை எடுக்க வேண்டியிருந்திருக்குமா? அந்த நெளிந்த தட்டுகளைத் தென்னைகளுக்கு நடுவே வீசி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த நிலையில்தான் நண்பன் என்னை அவனுடைய ஊருக்குக் கூப்பிட்டான். அவர்களுடைய தென்னங்காணியில் அவனே கூடைகள் நட்டிருந்தான். இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை. அன்று அவன் ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எங்கட அக்காட மாப்பிள்ள அண்டைக்குக் கோயில்ல இருந்தவர் மச்சான். அந்த ஞாயிறு. அக்கா வீட்டில காய்ச்சலாப் படுத்திருந்தா. அவர் மட்டும் போனவர், திரும்பி வரேல்ல."

கையில் இருந்த பல்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சொன்னா நீ என்னோட விளையாட வரமாட்டாய் எண்டு நினைச்சன். அதான் சொல்லேல்ல," என்றான். "இப்ப அக்காவே கேக்கிறா, உன்ர அந்தக் கூட்டாளி ஏன் வாறதில்ல எண்டு. நீ வர வேணும்."

வர முடியாது என்று வாய்வரை வந்தது. ஆனால் ஒரு பெண் தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார். நான் போகாமல் இருந்தால், பயந்து ஒளிந்ததாக ஆகும். பயந்து ஒளிகிறவன் ஏதோ செய்தவன் என்று ஆகும். வருகிறேன் என்றேன். அன்றிலிருந்து அந்தப் பயணம் மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது. எந்த முகத்தோடு அந்த வாசலில் நிற்பது? எந்தப் பையோடு?

எல்லாவற்றையும் சொன்னதும் மனைவி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த வீட்டுக்கா? பேக்கோடயா?"

"பேக் இல்லாம எப்படிக் கொண்டு போறது? கையிலயா?"

"இஞ்சப் பாருங்க, போறதுண்டா போங்க. நான் மறிக்கல்ல. ஒரு கேக் வாங்கிட்டு, கை வீசிட்டுப் போங்க. தட்டு அவர்ட்ட இரிக்கிதானே?"

"கை வீசிட்டுப் போனா, பயந்து கை வீசிட்டு வந்திருக்கிறான் எண்டு விளங்காதா அவங்களுக்கு?"

"விளங்கட்டுமே! நாம பயந்துதானே இரிக்கிறம்!" என்று கத்தினாள். பிறகு குரல் தாழ்ந்து, "அந்த மனுசிட கண்ணுக்கு முன்னால நீங்க பேக்கோட நிக்கிறத நினைச்சா எனக்கு நெஞ்சு அடைக்கிது. அவவுக்கு எப்படி இரிக்கும்?" என்றாள்.

ஆனாலும் அடுத்த லீவு நாளில் தட்டுகளை ஒரு துணியில் கட்டிக்கொண்டு புத்தளம் டவுனுக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த பைக் கடை ஒன்று இருக்கிறது. முதலாளி யுத்தத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர், கரைத்தீவுப் பக்கம் குடியிருக்கிறார். கடைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பைகள் தொங்கின.

"கறுப்புத்தான் போகுது தம்பி இப்ப," என்றார் அவர். "அந்தக் காலத்தில ஒரு கறுப்புப் பை விக்க ஏலாமக் கிடந்தது. இப்ப சனம் மறந்துட்டுது."

"நீங்க மறந்துட்டீங்களா?"

"நான் கடைக்காரன். எது போகுதோ அதத் தொங்கவிடுறன்." முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னார்.

தட்டுகளைக் கடைக் கண்ணாடிப் பெட்டிமேல் பரப்பினேன். பாடசாலைப் பைக்குள் போட்டதும் அவை அடியில் சாய்ந்து படுத்தன. கணினிப் பைக்குள் இறங்கவே இல்லை. பயணப் பை ஒன்றில் நன்றாக நின்றன, ஆனால் அதன் தோற்றத்தைப் பார்த்து நானே ஓர் அடி பின்னால் போனேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் திரும்ப மாட்டினார். கடைசியில் ஏணி வைத்து மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். பிக்னிக் போகிறவர்கள் சோடாப் போத்தலும் ஐஸும் கொண்டு போகிற பை. வான நீலம், ஓரத்தில் செம்மஞ்சள் கரை. முதுகில் மாட்ட வார் உண்டு. வாய் அகலம். சுவர்கள் தடிப்பம், உள்ளே வெள்ளித் தாள் ஒட்டியிருந்தது. தட்டுகளை வைத்தேன். நிறுத்தி வைத்த மாதிரி நின்றன. வெயில் உள்ளே போகாது, தட்டு வேகாது. இதைவிடப் பொருத்தமான பை எனக்கு இந்தத் தீவில் கிடைக்காது என்று தெரிந்தது.

ஆனால் அது சதுரமாக இருந்தது. கனமாக இருந்தது. நிறத்தை மறந்துவிட்டுப் பார்த்தால் என்ன மாதிரி இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. "ஒருக்காப் போட்டுப் பாருங்க," என்று கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். நான் கண்ணாடியில் என் தாடியைப் பார்த்தேன், தோளில் இறங்கிய வார்களைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் குனிந்து, ஸிப் சரியாக இழுபடுகிறதா என்று பார்த்தேன்.

வாங்கினேன். மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கலர் பரவாயில்ல," என்று மட்டும் சொன்னாள். போகிற நாள் காலையில் துவாயை மடித்து உள்ளே வைத்தது அவள்தான்.

பாலாவிச் சந்தியிலிருந்து சிலாபம் பஸ். பையை மடியில் வைத்து ஸிப்பைத் திறந்து சாய்த்து வைத்தேன். பக்கத்தில் இருந்த இளைஞன் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பிளாஸ்டிக் தட்டுகள் மொத்தமாக எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். சந்தைக்குப் போகிற வியாபாரி என்று நினைத்திருக்கிறான். எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

நண்பன் சிலாபத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றான். வழியில் தேவாலயம் ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் பின்னால் இருந்தபடி பையை முதுகிலிருந்து கழற்றி, அவன் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவே செருகிக்கொண்டேன். அவன் கவனித்தான்.

வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமரம் நின்றது. அவன் வண்டியைக் கொட்டிலுக்கு உருட்டிக்கொண்டு போன நேரத்தில், நான் பையிலிருந்து இரண்டு மூன்று தட்டுகளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, பையை மாமரத்தடியில் சாய்த்து வைத்தேன். பஸ்ஸில் வரும்போதே எடுத்த முடிவு அது. அந்தப் பெண்ணின் கண்ணில் பை படக் கூடாது. அவருடைய படிக்குக் கிட்ட அது போகக் கூடாது. மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன்.

அக்கா விறாந்தைக்கு வந்தார். மெலிந்த, உயரமான பெண். "வாங்க மல்லி," என்று கூப்பிட்டார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. என் மனைவி கொடுத்த கேக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவளையும் கூட்டி வந்திருக்கலாமே என்றார். திறந்த கதவுக்கு உள்ளே சுவரில் ஒரு படமும் அதற்குக் கீழே சின்ன விளக்கும் தெரிந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். விளையாடிவிட்டு வருகிறோம் என்று நான் அவசரப்பட்டேன்.

"பை எங்க?" என்றான் நண்பன், காணிக்குள் இறங்கியதும்.

"கேட்டடியில. கனமா இருந்தது."

"அங்க வைக்கவா அதத் தேடித் தேடி வாங்கினாய்?" என்று கேட்டான். நான் முதல் கூடையை நோக்கி நடந்தேன்.

அன்றைக்கு எறிந்த மாதிரி நான் கேவலமாக எறிந்ததே இல்லை. தட்டு தென்னையில் மோதியது, வேலிக்கு அப்பால் போனது, காய்ந்த ஓலைக்குள் ஒளிந்தது. சங்கிலிச் சத்தம் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வானம் இருண்டு பெரிய மழை இறங்கியது. ஓடிப் போய்த் தேங்காய் மட்டை குவித்திருந்த தகரக் கொட்டிலுக்குள் நின்றோம். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலாக நண்பன் குரலை உயர்த்திச் சொன்னான்.

"அக்கா இப்பவும் வாசல் பக்கத்து ஜன்னலடியிலதான் இருப்பா. றோட்டப் பாத்துக்கொண்டு. யார் வந்தாலும் முதல்ல அவதான் காணுவா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தடித்த, சதுரமான ஒரு பை. பக்கத்தில் ஆள் இல்லை. அதைத்தான் நான் அந்தப் பெண்ணின் ஜன்னலுக்கு நேரே, கேட்டடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கேட்பாரற்ற பொதி கிடந்தால் தொடாதே, அறிவி என்று அந்த மாதங்களில் எத்தனை ஒலிபெருக்கிகள் எங்களுக்குச் சொல்லியிருக்கும்! பையைத் திறந்து திறந்து காட்டியே தேய்ந்த நான், அவருடைய வாசலில் போய், யாருமில்லாத ஒரு பையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மரியாதையாம்!

மழைக்குள் ஓடினேன். நண்பன் பின்னால் ஏதோ கத்தினான். மாமரத்தடியில் பை இல்லை. கேட்டுக்கு வெளியே பார்த்தேன், றோட்டில் ஒருவரும் இல்லை. யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள், எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி நாளை பத்திரிகையில் என் பெயர் வரும் என்று மனம் கண்டபடி ஓடியது. வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது.

அக்கா நடுக்கூடத்தில் ஒரு கதிரையில் இருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் இன்னொரு கதிரையில் என் பை இருந்தது. துணியால் துடைத்திருந்தார். அவருடைய கைகள் இரண்டும் மடியில் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோனது. வழக்கப்படி என் கை ஸிப்புக்குப் போனது. "தட்டுத்தான் அக்கா, வேற ஒண்டும் இல்ல, பாருங்க..."

"வேண்டாம்!" என்றார். சத்தமாகவே சொன்னார். "திறக்க வேண்டாம். எனக்குக் காட்ட வேண்டாம்."

நான் கையை எடுத்தேன். நண்பன் வாசலில் வந்து நனைந்தபடி நின்றான். அக்கா அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சிங்களத்தில் சொன்னார்.

"ஜன்னலால் கண்டேன். கதவைப் பூட்டினேன். கதவுக்குப் பின்னால் நின்று ஜெபம் சொன்னேன். பிறகு மழை வந்தது. அந்தப் பிள்ளையின் பை நனைகிறது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன், மல்லி. கால் வரவில்லை. பிறகு போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்." மூச்சு வாங்கினார். "நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு இந்த வாசலால் வந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். ஏன் அதை அங்கே விட்டுப் போனீர்கள்?"

உங்களுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொய் வெளியே வரவில்லை. "பயத்தில அக்கா," என்றேன். "நீங்க என்னைப் பாத்துப் பயப்படுவீங்களோ எண்டு பயந்தன்."

அவர் அழவில்லை. கோபமாக இருந்தார், அந்தக் கோபம் எனக்கு வேண்டியும் இருந்தது. எழுந்து கதிரையிலிருந்த பையை இரண்டு கையாலும் தூக்கினார். என்னிடம் நீட்டி, "போடுங்கள்," என்றார்.

"இப்பவா அக்கா?"

"இப்போது. எனக்கு முன்னால்."

நனைந்த சட்டைக்கு மேலே அதை மாட்டினேன். ஒரு வார், பிறகு மற்ற வார். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். முகத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், திரும்பச் சொல்லிப் பின்னாலும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனார். கழற்றச் சொல்லவில்லை. நான் முதுகில் பையோடு கதிரையின் நுனியில் உட்கார்ந்து, அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.